வாசல்ல நடந்த தகராறுக்கு உள்ளே பந்தோபஸ்து

பேராண்டி, மனுக்களைப் பதிவு பண்ண நீ எழுதின பவர்ஷெல் ஃபங்ஷனைப் பார்த்தேன். ரொம்ப நேர்த்தி. மேலே ஒரு ட்ரை, கீழே ஒரு கேட்ச், கேட்ச்சுக்கு உள்ளே ஒண்ணும் கிடையாது. ரெண்டு சுருள் அடைப்பு, நடுவுல காத்து. எந்த எரர் வந்தாலும் அந்தப் பள்ளத்துல விழுந்து சத்தமில்லாம அடங்கிடும்னு உனக்கு நெனப்பு. ஆனா ராத்திரி பவர்ஷெல் ஜன்னல்ல செவப்புச் செவப்பா எழுத்து ஓடிச்சே, அது எந்த வழியா வந்துச்சு? நீ நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. உங்கம்மா, "புள்ள மேல யாரோ கண்ணு வச்சுட்டாங்க"ன்னு மிளகாயைச் சுத்தி அடுப்புல போட்டா. நெடி வருதா இல்லையான்னு ரெண்டு பேரும் மோந்து பார்த்தீங்க. எரர்ல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் ஒருத்தரும் படிக்கல.

எனக்கு என்னடா தெரியும், பாகூர்ல ஏர் பிடிச்சவன். அப்புறம் ஏதோ ஒரு ஆபீஸ்ல மனு வாங்குற ஜன்னல்ல உக்கார வச்சாங்க, அங்கேயே முடி நரைச்சுப் போச்சு. ஆனா அந்த ஜன்னல் படிப்பு உன் இன்ஜினியரிங்கைவிடக் கொஞ்சம் ஒசத்தின்னு இப்பத்தான் தெரியுது. "கையெழுத்து இல்ல, போய்ட்டு வா"ன்னு ஜன்னல்ல நான் திருப்பின மனு, உள்ளே சூப்பரிண்டெண்ட் மேசைக்குப் போகாது. அவர் மனசுல எத்தனை கருணை இருந்தாலும் அந்த மனுவுக்குப் பிரயோசனமில்ல. மனு திரும்பிப் போறது அதைக் கொண்டுவந்த ஆள் கைக்குத்தான்.

உன் ஃபங்ஷன்லயும் அதான் நடக்குது. தலையில பாராம்னு ஒரு பிளாக் வச்சு, இந்தப் பாராமீட்டர் இந்தப் பட்டியல்ல இருக்கணும், அது இத்தனை எழுத்துக்குள்ள இருக்கணும்னு வேலிடேட்செட், வேலிடேட்லெங்த் எல்லாம் எழுதி வச்சே பாரு, அதையெல்லாம் பவர்ஷெல் வாசல்லயே பார்த்து முடிச்சுடும். ஒண்ணு சரியில்லேன்னா ஃபங்ஷனோட முதல் வரிகூட ஓடாது. முதல் வரியே ஓடலேன்னா அதுக்குள்ள இருக்கற ட்ரை எப்படிடா ஆரம்பிக்கும்? வாசல்ல தகராறு நடந்துக்கிட்டிருக்கு, நீ பூஜை ரூமுக்குக் காவல் போட்டிருக்கே.

நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில இருந்த காலத்துல, 1873-ல நடந்த ஒரு கதையைக் கேளு. பொன்னுத்தம்பி பிள்ளைன்னு ஒரு வக்கீல். உடுப்பு நம்ம ஊரு உடுப்பு, காலுக்கு மட்டும் ஐரோப்பியர் போடுற ஷூவும் சாக்ஸும். அப்படியே கோர்ட்டுக்குள்ள போனார். நம்ம உடுப்பு போட்டவன் அந்தக் காலோட உள்ளே நிக்கக் கூடாதுன்னு வெளியே அனுப்பிட்டாங்க. அவர் சட்டத்துல புலி. ஆனா வாதம் பண்ணவே விடலையே, காலைத்தானே பார்த்தாங்க! அந்த மனுஷன் உள்ளூர்ல நின்னு கத்திக்கிட்டிருக்கல. நேரா பாரீசுல இருக்கற கஸாசியோன்ங்கற மேல் கோர்ட்டுக்கு வழக்கைக் கொண்டுபோனார், ஜெயிச்சும் காட்டினார். பின்னாடி 1881 செப்டம்பர் 21-ல, நம்ம ஆளுங்க தங்களோட சொந்த வழக்காறை விட்டுட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு மாறிக்கலாம்னு ஆணை வந்தப்போ, லபோர்த்னு ஒரு குடும்பப் பேரை எடுத்துக்கிட்டார். அதுலேர்ந்து அவர் பொன்னுத்தம்பி லபோர்த்.

வாசல்ல மடக்கினா, அந்தக் கட்டடத்துக்குள்ள முறையிட்டு லாபமில்லேன்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உனக்குப் பாரீஸ் எதுன்னு கேட்டா, உன் ஃபங்ஷனை எந்த வரி கூப்பிட்டுச்சோ அந்த வரிதான். ட்ரையைத் தூக்கிக்கிட்டுப் போய் அங்கே வை.

வச்சாலும் நீ இன்னொரு எடத்துல மாட்டுவே, அதையும் சொல்லிடறேன். செவப்பு எழுத்துல அந்த எரரோட பேரு பாராமீட்டர் பைண்டிங் வேலிடேஷன் எக்செப்ஷன்னு வரும். ஆஹா, பேரு கெடைச்சிடுச்சுன்னு அதையே கேட்ச்சுல எழுதினா, அப்படி ஒரு டைப்பே எனக்குத் தெரியாதுன்னு பவர்ஷெல் கையை விரிச்சுடும். அது வீட்டுக்குள்ள மட்டும் கூப்பிடுற பேரு, வெளியாளுக்குக் கெடையாது. அப்பன் பேரு பாராமீட்டர் பைண்டிங் எக்செப்ஷன். அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிடு, மகன் வந்து நிப்பான். அவன் கையிலேயே பாராமீட்டர் நேம்னு ஒரு சீட்டும் இருக்கும். எந்தப் பாராமீட்டர் மாட்டிக்கிச்சுன்னு அதுலேர்ந்து எடுத்து லாக் ஃபைல்ல எழுதிக்கோ.

சரி, இவ்வளவு கஷ்டம் எதுக்கு, சுலப வழி ஒண்ணு சொல்றேன். ஸ்கிரிப்ட் தலையிலேயே எரர் ஆக்ஷன் பிரிஃபரன்ஸை சைலன்ட்லி கன்டின்யூன்னு வச்சுடு. செவப்பு எழுத்தே வராது. உங்கம்மாவுக்கும் மிளகாய் மிச்சம். உன் மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தா ஸ்கிரீன் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், சம்பளம்கூட ஏத்திக் குடுப்பான். உள்ளே என்ன நடக்கும்னு மட்டும் கேட்காதே.

கேக்கறியா? அப்பக் கேளு. ஒவ்வொரு வரிசையா எடுத்து ஃபங்ஷன்கிட்ட குடுத்து, அது தர்ற பதிவு எண்ணை ஒரு வேரியபிள்ல வாங்கி, அடுத்த வரியில ஃபைல்ல எழுதறே. அஞ்சாவது ஆளை வாசல்ல மடக்கிட்டாங்கன்னு வை. அந்த ஒரு வரிதான் நிக்கும், ஸ்கிரிப்ட் நிக்காது. அடுத்த வரி சமர்த்தா ஓடும். வேரியபிள்ல என்ன இருக்கும்? நாலாவது ஆளோட எண். அதை எடுத்து அஞ்சாவது ஆள் பேருக்கு நேரா எழுதிட்டு, "பதிவு முடிந்தது"ன்னு லாக்லயும் போட்டுடும். மனுவே வாங்கல, ஆனா ரசீது குடுத்தாச்சு, அதுவும் அடுத்தவன் நம்பர்ல! நாங்க ஜன்னல்ல இருந்த காலத்துல இப்படி ஒரு வேலை செய்யணும்னா தனியா டீக்காசு வாங்குவானுங்க. உன் ஸ்கிரிப்ட் இலவசமா செய்யுது.

எரர் ஆக்ஷன்னு ஃபங்ஷன் பேருக்குப் பக்கத்துல ஒட்டினாலும் இதுக்குப் பலிக்காது. வாசல்ல மடக்குற எரர் அந்தப் பேச்சைக் கேக்கற ஜாதி இல்ல. லூப்புக்குள்ள ஒவ்வொரு வரிசைக்கும் ட்ரை போடு, கேட்ச்சுல வரிசை எண்ணையும் பாராமீட்டர் பேரையும் எழுதிட்டு கன்டின்யூ பண்ணு. இல்லேன்னா பிரிஃபரன்ஸை ஸ்டாப்னு வச்சு மொத்தத்தையும் நிறுத்து. நிக்கறதா, அந்த ஆளை விட்டுட்டுப் போறதான்னு நீ முடிவு பண்ணணும். முடிவே பண்ணாம விட்டா பவர்ஷெல் தானா ஒண்ணைப் பண்ணும், நேத்துப் பண்ணின மாதிரி.

பைப்லைன்ல ஒண்ணொண்ணா அனுப்பினா மட்டும் சங்கதி வேற. ஒருத்தர் சரியில்லேன்னா அவரை மட்டும் ஓரங்கட்டிட்டு அடுத்தவரைக் கூப்பிடும். பெரிய மார்க்கெட்ல மீன் வாங்கற மாதிரி, கெட்டதைத் தள்ளிட்டு நல்லதை எடுத்துக்கும்னு உனக்குச் சந்தோஷமா இருக்கும். தள்ளினது யாரு யாருன்னு குறிச்சு வைக்கற வேலை அப்பவும் உன்னுதுதான்.

இப்ப அந்தப் பின்கோடு விஷயத்துக்கு வரேன். இதைப் பார்த்துட்டுத்தான் நான் ராத்திரி தூங்காம சிரிச்சேன், உங்கம்மா எனக்கும் மிளகாய் சுத்தலாமான்னு யோசிச்சா. புதுச்சேரி மாநிலத்துக்காரங்க மட்டும் உள்ளே வரணும்னு 605-ல ஆரம்பிக்கற ஆறு இலக்கம்னு பேட்டர்ன் வச்சிருக்கே. நேரு வீதியில பொறந்து கடற்கரைச் சாலையில காத்து வாங்கி வளர்ந்தவன் இல்லையா, உனக்கு மாநிலம்னா ரெண்டு மைல்தான். காரைக்கால் 609602. மாகே கேரளா பக்கம் இருக்கு, 673310. ஏனாம் ஆந்திராவுக்குள்ள இருக்கு, 533464. மூணு ஊரையும் ஒரே பேட்டர்ன்ல மாநிலத்தை விட்டு வெளியே அனுப்பிட்டே. பிரெஞ்சுக்காரன் நாலு ஊரையும் சேர்த்துத்தான் நம்மகிட்ட குடுத்துட்டுப் போனான், நீ ஒரே வரியில மூணைக் கழிச்சுட்டே. இன்னொரு பக்கம் விழுப்புரம் 605602. அது தமிழ்நாடு. அவங்களுக்கு ராஜ மரியாதையோட கதவைத் தொறந்து வச்சிருக்கே. உள்ளூர்க்காரனை வெரட்டிட்டு, பக்கத்து ஊர்க்காரனுக்குப் பாய் விரிச்சிருக்கே.

அது மட்டுமா, பேட்டர்னோட முன்னாடி கூரைக் குறியும் பின்னாடி டாலர் குறியும் போடல. ரெண்டு பக்கமும் ஆணி அடிக்கலேன்னா, நடுவுல எங்கயாவது பொருந்தினாலே போதும்னு உள்ளே விட்டுடும். எட்டு இலக்கத்துல குப்பை வந்தாலும் அதுக்கு நடுவுல 605-ஓட ஆறு இலக்கம் இருந்தா வாங்க வாங்கன்னு கூப்பிடும். நீ போன் நம்பரோட எஸ்.டி.டி. கோடை வேற இன்ட்டுன்னு வச்சிருக்கே. 0413-ன்னு குடுத்தா முன்னாடி இருக்கற சைபரை முழுங்கிட்டு 413 ஆக்கிடும். எரரும் வராது. பின்கோடு, போன் இதெல்லாம் பார்க்கத்தான் எண்ணு, நீ அதைக் கூட்டப் போறியா கழிக்கப் போறியா? ஸ்ட்ரிங்காவே வாங்கு.

ஊர் பேருக்கு வேலிடேட்செட் வச்சது பரவாயில்ல. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம். பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு அது சண்டை போடாது, அந்த மட்டும் பெரிய மனசு. ஆனா பழைய மனுவுல பாண்டிச்சேரின்னு இருக்குமே. 2006 அக்டோபர் 1-லதானே சட்டப்படி பேரு மாறுச்சு! அதுக்கு முன்னாடி குடுத்த சர்டிபிகேட்டெல்லாம் பழைய பேருதான். அந்த வருஷம் நவம்பர்லதான் உன் பவர்ஷெல்லும் பொறந்துச்சு. ஒரே வருஷத்துக் கொழந்தைங்க, ஒண்ணுக்கொண்ணு மொகம் தெரியல. பழைய பேரோட வர்றவரை வாசல்லயே வெரட்டாதே. ஸ்ட்ரிங்கா வாங்கி, உள்ளே பழைய பேரைப் புதுப் பேரா மாத்திக்கோ, அப்புறம் பட்டியலோட ஒப்பிட்டுப் பாரு.

எரர் வாசகமும் ஒண்ணு இருக்கு. வேலிடேட்செட் மடக்கினா, இன்ன இன்ன பேருதான் செல்லும்னு பட்டியல் போட்டுச் சொல்லும். நல்ல பிள்ளை. வேலிடேட்பேட்டர்ன் மடக்கினா அந்த பேட்டர்னையே எடுத்து மூஞ்சியில அடிக்கும். கூரைக் குறி, பின்சாய்வுக் கோடு, சுருள் அடைப்புன்னு. ஜன்னல்ல நிக்கற அம்மா அதைப் பார்த்தா ஏதோ செய்வினைத் தகடுன்னு பயந்துடும். பவர்ஷெல் 6-லேர்ந்து எரர் மெசேஜ்னு ஒண்ணு குடுத்திருக்கான், "பின்கோடு ஆறு இலக்கமா குடுங்க, உதாரணம் 605001"ன்னு நீயே எழுதி வைக்கலாம். உங்க ஆபீஸ் மாதிரி இன்னும் 5.1-ஐக் கட்டிக்கிட்டு அழறவங்க வேலிடேட்ஸ்கிரிப்டுக்குள்ள த்ரோ போட்டு அதே வாக்கியத்தைச் சொல்லலாம். ஜன்னல்ல உக்கார்ந்தவன் "சரியில்ல"ன்னு மட்டும் சொல்லி அனுப்பினா, அந்த ஆள் அதே பேப்பரோட மறுநாள் வந்து நிப்பான். என்ன கொண்டுவரணும்னு சொன்னாத்தான் ரெண்டு பேருக்கும் வேலை முடியும்.

பேரு விஷயத்துல நீ பண்ணின அட்டூழியத்தை என்ன சொல்ல. எழுத்து மட்டும்தான் வரணும்னு யூனிகோடு எழுத்து வகையை வச்சு பேட்டர்ன் போட்டிருக்கே, தமிழும் வரட்டும்னு தாராள மனசு. ஆனா யூனிகோடு கணக்குல நம்ம துணைக்கால், கொம்பு, மேலே வைக்கற புள்ளி எதுவும் எழுத்து கிடையாது, எல்லாம் குறி. கால் இல்லாத, கொம்பு இல்லாத, புள்ளி இல்லாத பேரு யாருக்கு இருக்கு சொல்லு? "அமல"ன்னு யாராவது பாதியில பேரை நிறுத்திக்கிட்டு வந்தாத்தான் உள்ளே விடுவே. குறி வகையையும் சேர்த்துக்கோ. நீளத்துலயும் அதே கதை. புதுச்சேரின்னு நான் எண்ணினா அஞ்சு எழுத்து, வேலிடேட்லெங்த் எண்ணினா 10. பத்து எழுத்துக்கு மேல கூடாதுன்னு வச்சிருக்கே, நம்ம ஊரு கோதண்டராமனும் சிவசுப்பிரமணியனும் என்ன பண்ணுவாங்க, பேரைப் பாதியா வெட்டிக்கிட்டு வரணுமா?

அதுல சர்நேம் வேற கட்டாயம். ஒத்தைப் பேரும் அப்பன் இனிஷியலுமா வாழற ஊர்ல சர்நேமுக்கு எங்கே போவாங்க? லபோர்த் மாதிரி 1881-லயே குடும்பப் பேரு வாங்கி வச்சவங்க வாரிசா இருந்தாத்தான் உண்டு. மத்தவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா, ஒரு இடைவெளியைத் தட்டிட்டுப் போய்ட்டாங்க. வேலிடேட் நாட் நல் ஆர் எம்ட்டி அதைப் பார்த்து, ஏதோ இருக்கு, வா உள்ளேன்னு விட்டுடுச்சு. வெத்து இடைவெளியையும் மடக்கற நாட் நல் ஆர் வைட்ஸ்பேஸ் 7.4-லதான் வந்துச்சு. அது இருக்கேன்னு உடனே போட்டுடாதே. இடைவெளியைத் தடுத்தா அடுத்தாப்ல புள்ளி வப்பாங்க. சர்நேமைக் கட்டாயமில்லாம ஆக்கு, பிரச்சினையே தீர்ந்துச்சு. நீ கேட்டது தப்பா இருந்தா, வர்ற பதில் எல்லாம் தப்பாத்தான் இருக்கும்.

தேதிக்கு வா, இதுலதான் உன் ஜாதகமே இருக்கு. டேட்டைம்னு டைப்பைப் போட்டுட்டு நிம்மதியா இருக்கே. ஸ்ட்ரிங்கைத் தேதியா மாத்தறப்போ பவர்ஷெல் அமெரிக்காக்காரன் வழக்கத்துல மாசத்தை முன்னாடி வச்சுப் படிக்கும். நாமளும் சரி, பிரெஞ்சுக்காரனும் சரி, நாளைத்தான் முன்னாடி எழுதறோம். இந்த ஊர் பிரெஞ்சுக்காரன் கையிலேர்ந்து நம்ம கைக்கு வந்த நாள் 1954 நவம்பர் 1. 01/11/1954-ன்னு குடுத்துப் பாரு, ஜனவரி 11-ன்னு எடுத்துக்கிட்டு சிரிச்ச மொகமா உள்ளே போகும். சட்டப்படி முழுசாச் சேர்ந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. 16/08/1962-ன்னு குடு, பதினாறாவது மாசம் ஏதுடான்னு கத்தும். மாசத்துல முதல் 12 நாள் பொறந்தவங்களுக்கு அனேகமா தப்பான பொறந்த நாள், மீதிப் பேருக்கு எரர். எரர் வந்தவன் புண்ணியவான், அவனுக்குத் தப்பு நடந்தது தெரிஞ்சுபோச்சு. தேதியை ஸ்ட்ரிங்கா வாங்கி, நாள் மாசம் வருஷம்னு வரிசையைச் சொல்லி பார்ஸ் எக்ஸாக்ட் கிட்ட குடு. அது சொன்ன மாதிரிதான் படிக்கும், சொந்த புத்தியைக் காட்டாது.

தொகைக்கும் ஒரு வார்த்தை. பாரீசுல இருக்கற நம்ம சொந்தக்காரங்க பன்னண்டரை யூரோவை எப்படி எழுதுவாங்க? 12,50-ன்னு கமா வச்சுத்தான். அதை அப்படியே மேற்கோளுக்குள்ள வச்சு டபுளா மாத்தினா, கமாவை ஆயிரத்துக்குப் போடுற கமான்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டு 1250 ஆக்கிடும். நீ ஒண்ணுலேர்ந்து அஞ்சாயிரம்னு ரேஞ்ச் வச்சிருக்கே, அதுக்குள்ள பொருந்திப் போச்சு, கேள்வி கேக்க ஆளே இல்ல. ரேஞ்ச் வச்சவன் நீ, காவல் காத்தது அது, நூறு மடங்கு ஏறினது தொகை. பிரெஞ்சு வழக்கத்துல வர்ற தொகைன்னு தெரிஞ்சா அந்தக் கல்ச்சரையே சொல்லிப் படிக்க வை.

மேண்டேட்டரின்னு போட்டதையும் ஒரு தடவை பாரு. நீ எதிர்ல உக்கார்ந்திருந்தா, பாராமீட்டர் வரலேன்னா "குடுங்க"ன்னு கேட்டுட்டு நிக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு டாஸ்க் ஷெட்யூலர் ஓட்டினா யாரு பதில் சொல்லுவா? விடிய விடிய நின்னுக்கிட்டே இருக்கும், காலையில ஸ்கிரிப்ட் ஓடுதுன்னு வேற காட்டும். நான் இன்டராக்டிவ்னு சேர்த்து ஓட்டு, பதில் வராதுன்னு தெரிஞ்சு உடனே எரரா வெளியே வந்துடும்.

உள்ளே போன பிறகும் அந்தக் காவல் வேரியபிளை விடாது, அதையும் தெரிஞ்சுக்கோ. ஃபங்ஷனுக்கு நடுவுல அதே பாராமீட்டருக்குப் பட்டியல்ல இல்லாத ஒரு மதிப்பைக் குடுத்தா அங்கேயும் எரர் வரும். அது மட்டும் உன் உள் ட்ரைல மாட்டும். அப்பாடா, அந்த ட்ரைக்கும் ஒரு வேலை கெடைச்சுது.

கடைசியா ஒண்ணு. ஊர் பேரு குடுக்கலேன்னா என்ன பண்ணறதுன்னு டீஃபால்ட்டா "பாண்டி"ன்னு வச்சிருக்கியே, எந்தப் பட்டியல்ல இருக்கு அது? நாலு பேரையும் நீயே எழுதினே, அதுல பாண்டி இல்ல. ஆனாலும் எரர் வராது, ஏன்னா டீஃபால்ட் மதிப்பை வாசல்ல சோதிக்கறதே இல்ல. வெளியாளுக்குத்தான் சோதனையெல்லாம், வீட்டு ஆளுக்குக் கெடையாது. போய் அதை மாத்து. மாத்திட்டு, டெஸ்ட் ஃபைல்ல முதல் வரிசையா மாகே ஆளைப் போடு, ரெண்டாவது ஏனாம், அதுக்கும் கீழே 1954 நவம்பர் ஒண்ணாம் தேதியைப் போடு. அப்புறம் ஓட்டு. உங்கம்மா மிளகாய் டப்பாவைத் தேடறதுக்குள்ள செவப்பு எழுத்தை நீயே படிச்சு முடி.